பிரிவினையைப் பற்றி ஒரு படம்: கிருஷ்ணகிரியில் மாணவர்களுக்குத் திரையிட எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

கிருஷ்ணகிரி வரலாற்று டீச்சர் எழுதியது:

வணக்கம். கிருஷ்ணகிரியில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் ஆகஸ்ட் 14 மாலை ஒரு படம் போடுவதாக முடிவாகியிருக்கிறது. அது 1947 பிரிவினையைப் பற்றிய படமாகத்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான். பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள். கூடவே கொஞ்சம் பெற்றோர்கள், வட்டத்துக்கு வழக்கமாக வரும் பெரியவர்கள்.

பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. என் வகுப்பில் கணிசமான பிள்ளைகள் பழையபேட்டை, தௌலதாபாத் பக்கம் இருந்து வருகிறார்கள். வீட்டில் உருது பேசுவார்கள், வாசலைத் தாண்டினால் தமிழ். சுற்றுக் கிராமங்களில் இருந்து வரும் பிள்ளைகளில் தெலுங்கு, கன்னடம் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே டிபன் பாக்ஸில் கை விட்டுச் சாப்பிடுகிறவர்கள்தான். ஆனால் இந்த வருடம் பிரிவினைப் பாடத்தின்போது ஒரு பையன் எழுந்து, "மிஸ், முதல்ல ஆரம்பிச்சது யாரு?" என்று கேட்டான். வரலாற்று வகுப்பில் கேட்க வேண்டிய கேள்விதான். கேட்டுவிட்டு ஜன்னலோரம் இருந்த இன்னொரு பையனைத் திரும்பிப் பார்த்தான் பாருங்கள், அந்தப் பார்வைதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஜன்னலோரப் பையன் குனிந்து புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டான். செல்போனில் சுற்றும் சினிமாத் துண்டுகளில் இருந்து வந்த கேள்வி அது என்று அப்புறம் விசாரித்ததில் தெரிந்தது. எரியும் வீடு, ஓங்கிய வாள், ஒரு முகம், அதோடு முடிந்துவிடும் துண்டுகள்.

முழுப் படமாக ஒன்றை உட்கார வைத்துக் காட்ட வேண்டும் என்று அன்றைக்கே தோன்றிவிட்டது. நடந்ததை மூடி மறைக்கும் படம் வேண்டாம். பத்து லட்சம் பேர் வரை செத்திருக்கலாம் என்று பரவலாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்வை, ஒரு கோடிக்கு மேலான மக்கள் வீட்டை விட்டுப் போன ஒரு நிகழ்வை, பூசி மெழுகிக் காட்டினால் பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும். அதே சமயம் படம் முடிந்து படி இறங்கும்போது அந்த இரண்டு பையன்களும் ஒன்றாக இறங்க வேண்டும்.

'ஹே ராம்', 'எர்த்', 'தமஸ்', 'கரம் ஹவா' என்று நான்கு பெயர்களை இதுவரை சொல்லியிருக்கிறார்கள். எது பொருந்தும்? பார்த்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாலக்கோடு ரசிகன் எழுதியது:

டீச்சர், யோசிக்கவே வேண்டாம், 'ஹே ராம்'. தமிழில் இந்த விஷயத்தை இவ்வளவு துணிச்சலாகத் தொட்ட படம் வேறு கிடையாது. பிரிவினை ஏதோ வடக்கத்தி விவகாரம் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள் இல்லையா, அதை உடைக்கும் படம் இது. சாகேத் ராம் நம் ஊர் ஐயங்கார் வீட்டுப் பையன். 1946 ஆகஸ்ட் 16, முஸ்லிம் லீக் அறிவித்த நேரடி நடவடிக்கை நாளில், கல்கத்தாக் கலவரத்தில் மாட்டிக்கொள்கிறான். தான் இழந்ததற்கு ஒரே ஒரு ஆளை, காந்தியை, காரணமாக்கி, அவரைக் கொல்லக் கிளம்புகிறான். வெறுப்பு ஒருவனுக்குள் எப்படி வந்து உட்காருகிறது என்பதை அவன் கூடவே நடந்து பார்க்கிறோம். கடைசியில் டெல்லி சோடா ஃபேக்டரிக்குள் அவன் முஸ்லிம் நண்பன் அம்ஜத்தும் அவனும் பேசும் இடத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். இளையராஜா இசை. சப்டைட்டில் பிரச்சனையும் பெரிதாக இல்லை. இதைவிட என்ன வேண்டும்?

தர்மபுரி பெரியவர் எழுதியது:

டீச்சரம்மா, தர்மபுரியில் இருந்து எழுதுகிறேன். கூட்டுறவு வங்கி ஒன்றில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தக் காலத்தில் இங்கே நாலைந்து பேர் சேர்ந்து படப்பெட்டி வரவழைத்து 16 மில்லிமீட்டர் புரொஜெக்டரில் படம் காட்டிக்கொண்டிருந்தோம். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'ஹே ராம்' பெரிய படம், தம்பி சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பிளஸ் ஒன் பிள்ளைகளும் அவர்கள் அம்மா அப்பாவும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்க்க அது சரிப்படாது. கல்கத்தாவில் சாகேத் ராமின் மனைவி அபர்ணாவுக்கு நடப்பது அந்தக் கதைக்குத் தேவை. அதற்கு அப்புறம் வருகிற மனப் போராட்டத்தைப் பதினாறு வயதுப் பிள்ளை எவ்வளவு உள்வாங்கும்? உங்கள் பையன் கேட்ட அதே கேள்வியோடு முதல் பாதி நின்றுவிடும் அபாயம் இருக்கிறது. கல்லூரியில் போடுங்கள், நானே வந்து பேசுகிறேன்.

நீங்கள் போட வேண்டியது 'கரம் ஹவா'. எடுத்தவர் எம்.எஸ். சத்யு, நமக்குப் பக்கத்து மைசூர்க்காரர். இஸ்மத் சுக்தாயின் கதை, கைஃபி ஆஸ்மியும் ஷமா ஜைதியும் எழுதிய திரைக்கதை. படத்தை எடுத்து முடித்த பிறகு, கலவரம் வந்துவிடும் என்று பயந்து சென்சாரில் பல மாதம் நிறுத்தி வைத்தார்கள். கடைசியில் 1974இல் பெங்களூரில்தான் முதலில் வெளியானது. ஒரு கலவரமும் வரவில்லை. தேசிய ஒருமைப்பாட்டுக்கான தேசிய விருதே அதற்குக் கிடைத்தது.

கதை ஆக்ராவில் நடக்கிறது. சலீம் மிர்சா செருப்பு, ஷூ தயாரிக்கும் சின்ன முதலாளி. பால்ராஜ் சாஹ்னி நடித்திருக்கிறார். நாடு பிரிந்தாயிற்று, காந்தியைச் சுட்டாயிற்று. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் பாகிஸ்தானுக்கு ரயில் ஏறுகிறார்கள், இவர் ஒவ்வொருவரையும் ஸ்டேஷன் வரை போய் அனுப்பிவிட்டுத் திரும்புகிறார். இவர் மட்டும் போக மாட்டேன் என்கிறார். படத்தில் வாள் சண்டை இல்லை, பிணம் குவிந்த ரயில் இல்லை. ஆனால் அந்த மனிதருடைய வாழ்க்கை ஒவ்வொரு செங்கல்லாக உருவப்படுவதைப் பார்க்கிறோம்.

என் கண்ணை விட்டுப் போகாத இடம், அவர் கடனுக்கு அலைவது. தொழிலுக்கு ஆர்டர் இருக்கிறது, கை சுத்தமான ஆள், காலம் காலமாக வரவு செலவு வைத்திருப்பவர். எந்தக் கடன் அதிகாரியும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடக்கூடிய பார்ட்டி. ஆனால் வங்கியில் இல்லை என்று விடுகிறார்கள். கடன் வாங்கிய மற்றவர்கள் திருப்பிக் கட்டாமல் எல்லை தாண்டிவிட்டார்கள், நீங்களும் போய்விட்டால் நாங்கள் எங்கே போய்த் தேடுவது என்பதுதான் காரணம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கெட்டவர் இல்லை. கோபமாகப் பேசவில்லை, மரியாதையாகத்தான் பேசுகிறார். அந்த மரியாதைதான் என்னை உலுக்கியது. ஏனென்றால் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். விண்ணப்பத்தில் பெயரைப் பார்த்து, ஊரைப் பார்த்து, தெருவைப் பார்த்து, "ஜாமீன் போதாது" என்று பேனாவை மூடி வைப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். காகிதத்தில் ஒரு தப்பும் இருக்காது. கோப்பில் மதம் என்ற வார்த்தையே வராது. ஆனாலும் ஒரு மனிதனின் பட்டறை மூடிவிடும்.

அடுத்து வீடு. பரம்பரை ஹவேலி அண்ணன் ஹலீம் பெயரில் இருக்கிறது. நான் எங்கேயும் போகமாட்டேன் என்று மேடையில் முழங்கிய அரசியல்வாதி அந்த அண்ணன். அவரே சத்தமில்லாமல் கிளம்பிப் போய்விடுகிறார். உடைமையாளர் போய்விட்டார் என்றால் அது வெளியேறியோர் சொத்து, அரசாங்கக் கணக்கில் சேரும். சலீம் அதே வீட்டில் பிறந்து வளர்ந்தவர், ஆனாலும் காலி செய்ய வேண்டும். அந்த வீடு போய்ச் சேருவது யாரிடம் தெரியுமா? சிந்தில் இருந்து எல்லாவற்றையும் இழந்து வந்த அஜ்மானி என்ற வியாபாரியிடம். அவரையும் நம்மால் வெறுக்க முடியாது. உங்கள் பையனுடைய கேள்விக்கு இந்த இடம் நேராக வகுப்பில் எடுத்துப் பேசக்கூடியது என்று நினைக்கிறேன்.

வீட்டைக் காலி செய்யும் அன்று பாட்டியைக் காணவில்லை. தேடினால், விறகு போடும் இருட்டு அறைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள், வரமாட்டேன் என்கிறார். மகன் அவரை அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டியிருக்கிறது. அந்தப் பாட்டியாக நடித்தவர் ஆக்ராவைச் சேர்ந்த பத்ர் பேகம். அவர் முகத்தைப் பார்க்கும்போது நடிப்பு என்றே தோன்றாது. எங்கள் அரூர்ப் பக்கத்தில், நகரத்துக்கு வந்துவிடு என்று பிள்ளைகள் கூப்பிடக் கூப்பிட வாசல்படியைப் பிடித்துக்கொண்டு நகராத கிழவிகளை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்! பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டி போதும். இவர்கள் யார், எந்த மதம் என்ற கேள்வி அங்கே தானாக விழுந்துவிடும்.

பால்ராஜ் சாஹ்னி ராவல்பிண்டியில் பிறந்தவர். பிரிவினைக்கு அப்புறம் அவர் குடும்பத்துக்கும் அந்த ஊர் அந்நிய நாடாகிவிட்டது. இந்தப் படத்துக்கு டப்பிங் பேசி முடித்ததுமே, 1973 ஏப்ரல் 13 அன்று காலமானார். படம் வெளியானதை அவர் பார்க்கவில்லை. இதைப் படத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஒரு இந்து நடிகர், தன் ஊரை இழந்தவர், ஊரை இழக்க மறுக்கும் ஒரு முஸ்லிமாக வாழ்ந்து காட்டியிருக்கிறார் என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

'தமஸ்' எழுதிய பீஷ்ம சாஹ்னி இவருடைய தம்பி. அதுவும் மகத்தானது. கோவிந்த் நிஹலானி எடுத்து 1988இல் தூர்தர்ஷனில் வந்தது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம், ஒரு மாலைக்குள் அடங்காது. ஆனால் முதல் பகுதியை மட்டும் இன்னொரு நாள் போடலாம். தோல் வேலை செய்யும் நத்துவிடம், கால்நடை டாக்டருக்கு வேண்டும் என்று பொய் சொல்லிக் காசு கொடுத்து, ஒரு பன்றியைக் கொல்லச் சொல்கிறார்கள். இரவெல்லாம் அந்த அடைத்த அறைக்குள் அவன் பன்றியோடு மல்லுக்கட்டுகிறான். நத்துவாக நடிக்கும் ஓம் புரிக்கு வேர்த்துக் கொட்டுகிறது. காலையில் அது மசூதிப் படியில் கிடக்கிறது. ஊர் பற்றிக்கொள்கிறது. "ஆரம்பிச்சது யாரு" என்று கேட்ட பையனுக்கு அந்தப் பன்றியைக் கொன்றவனைக் காட்டுங்கள், பிறகு காசு கொடுத்தவனைக் காட்டுங்கள். நாவலின் முடிவில் அமைதி ஊர்வல வண்டியில் உட்கார்ந்து ஒற்றுமைக் கோஷம் போடுகிறவனும் அதே ஆள்தான். இதையும் ஒளிபரப்பக் கூடாது என்று நீதிமன்றத்துக்குப் போனார்கள். பம்பாய் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் ஒளிபரப்பலாம் என்றே தீர்ப்புச் சொன்னன.

அணைக்கரை எழுதியது:

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவே 'கரம் ஹவா' பார்த்தேன். நான் ஊத்தங்கரைப் பக்கம் ஒரு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்தவன். அப்பா அம்மா 1990இல் திருகோணமலையில் இருந்து படகில் வந்தவர்கள்.

எங்களுடையது மதச் சண்டை இல்லை, அதனால் இரண்டையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் காகிதம், ஐயா. வீடு ஒருவர் பெயரில் இருக்க, வாழ்ந்தவர் இன்னொருவராக இருக்க, ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் பெயரை மட்டும் பார்ப்பது. எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் ஒரு காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், இருக்கிறது. ஓரம் கரையான் அரித்த தாள். வந்த நாளில் இருந்து அம்மா அதைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மழைக்காலத்தில் பரண் மேலே ஏற்றி வைப்பார். அந்தக் காணியில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. இருப்பவர்களும் எங்கிருந்தோ விரட்டப்பட்டு வந்தவர்களாக இருக்கலாம் என்று அஜ்மானியைப் பார்த்தபோதுதான் முதல் தடவையாக யோசித்தேன்.

டீச்சர், திரையிடலுக்கு முகாமில் இருந்து சில பிள்ளைகளைக் கூட்டி வரலாமா? பஸ் கிடைக்கும் நேரமாக இருந்தால் நல்லது. இங்கே இருந்து வந்து திரும்புவது சுலபம் இல்லை.

பென்னாகரம் வாசகி எழுதியது:

நல்ல தேர்வு. ஆனால் ஒரு விஷயத்தை யாருமே சொல்லவில்லை. 'கரம் ஹவா'வில் சலீமின் மகள் ஆமினாவின் கதை பாதிப் படத்துக்கு மேல் ஓடுகிறது. அவளைக் கட்டிக்கொள்வதாக இருந்த முதலில் காஸிம், அப்புறம் ஷம்ஷாத், இரண்டு பேரும் எல்லை தாண்டிப் போய்விட, அவள் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். டீன் ஏஜ் பெண் பிள்ளைகள் பார்க்கப் போகிறார்கள். முன்கூட்டியே சொல்லாமல் போடாதீர்கள். படம் முடிந்ததும் அதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும், வங்கிக் கடனைப் பற்றி அல்ல. மன்னிக்கவும் ஐயா, உங்கள் பதிவு எனக்குப் பிடித்தது. ஆனால் ஆண்கள் இந்தப் படத்தை வீடு, தொழில், சொத்து என்றே பார்த்துவிட்டுப் போவதை நிறையப் பார்த்துவிட்டேன். நாடு பிரிந்தபோது ஒரு பெண்ணுக்கு அவள் காத்திருந்த ஆள்தான் நாடு. அவன் அந்தப் பக்கம் நின்றுவிட்டால் அவளுக்கு எந்த அலுவலகத்திலும் மனுப்போட முடியாது.

எனக்குக் கேட்டால், பெரியவர்களுக்குத் தனியாக இன்னொரு நாள் 'காமோஷ் பானி' போடுங்கள். சபீஹா சுமர் என்ற பாகிஸ்தான் பெண் இயக்குநர் எடுத்தது, 2003இல் லோகார்னோ விழாவில் தங்கச் சிறுத்தை விருது பெற்றது. 1979இல், ஜியா உல் ஹக்கின் ராணுவ ஆட்சியில், பாகிஸ்தான் பஞ்சாப் கிராமம் ஒன்றில் மகனோடு வாழும் விதவை ஆயிஷா. நடித்தவர் கிரண் கேர். அவள் எல்லா வேலையும் செய்வாள், கிணற்றுக்கு மட்டும் போகமாட்டாள். தண்ணீரைப் பக்கத்து வீட்டுப் பெண்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஏன் என்று படம் மெதுவாகச் சொல்கிறது. 1947இல் மானம் காப்பதாகச் சொல்லி, வீட்டு ஆண்களே தங்கள் பெண்களைக் கிணற்றில் குதிக்க வைத்தார்கள். அன்றைக்குக் குதிக்காமல் ஓடிய சீக்கியப் பெண் அவள். கதை கற்பனைதான், கிணறு கற்பனை இல்லை. ராவல்பிண்டி மாவட்டத்தில் தோவா கால்சா என்ற ஊரில் 1947 மார்ச்சில் பெண்கள் அப்படித்தான் கூட்டமாகக் குதித்தார்கள். 'தமஸ்' படத்திலும் அந்தக் காட்சி வருகிறது. அங்கே அதைத் தியாகம் போலப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடலாம். 'காமோஷ் பானி' அப்படி விடாது. உயிர் பிழைத்தவளிடம் நம்மைக் கொண்டுபோய் உட்கார வைத்து, நீ ஏன் சாகவில்லை என்று ஊர் கேட்பதைக் கேட்க வைக்கும்.

'எர்த்' பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரஹ்மான் இசை, ஒரு பார்சிச் சிறுமியின் கண் வழியாக லாகூர். அழகான படம். பூங்காவில் ஒன்றாக உட்கார்ந்து அரட்டை அடிக்கும் நண்பர் கூட்டம் எப்படிக் குலைகிறது என்பது நன்றாக வந்திருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டாம், குர்தாஸ்பூரில் இருந்து பிணங்களோடு வரும் ரயில் காட்சி அவர்களுக்குக் கடினம்.

கிருஷ்ணகிரி வரலாற்று டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. 'கரம் ஹவா' என்று முடிவு செய்துவிட்டோம். முதலில் ஆசிரியர்கள் மட்டும் உட்கார்ந்து பார்த்தோம். பென்னாகரம் அக்கா சொன்னது சரி. எங்கள் பள்ளிக்கு வரும் ஆலோசகரை அன்று மாலை கூட இருக்கச் சொல்லியிருக்கிறேன். ஆமினாவைப் பற்றிய பேச்சை அவரே தொடங்குவார்.

அணைக்கரைத் தம்பி, கட்டாயம் கூட்டி வாருங்கள். படத்தை மதியமே தொடங்கிவிடுகிறோம். இரண்டரை மணி நேரப் படம், பேசி முடித்தாலும் நீங்கள் பொழுதோடு பஸ் பிடித்துவிடலாம். உங்கள் அம்மா வர முடியுமானால் அவரையும் அழைத்து வாருங்கள், முன்வரிசையில் இடம் போட்டு வைக்கிறேன்.

தமிழ் சப்டைட்டில் சரியாகக் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் வேகமாக ஓடும் எழுத்தைப் பிள்ளைகளால் படிக்க முடியாது. அதற்கு ஒரு வழி வகுப்பிலேயே கிடைத்தது. ஜன்னலோரப் பையன், நான் முதலில் எழுதினேனே, அவனுடைய நானிமாவுக்கு (அம்மாவின் அம்மா) ஆக்ரா உருது நன்றாகப் புரிகிறதாம். வீட்டில் பேசும் உருது கொஞ்சம் வேறு மாதிரி, ஆனாலும் கேட்டால் விளங்கிவிடும் என்கிறார். இப்போது தினமும் சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறோம். அவர் சொல்லச் சொல்ல இரண்டு மூன்று பிள்ளைகள் தமிழில் எழுதுகிறார்கள். கேள்வி கேட்டானே, அந்தப் பையனும் அதில் ஒருவன். அவன் கையெழுத்துத்தான் தெளிவாக இருக்கும், அதனால் நானேதான் போகச் சொன்னேன். பாட்டி விறகு அறைக்குள் ஒளியும் இடம் வந்ததும் நானிமா பேச்சை நிறுத்திவிட்டு, அப்புறம் பார்க்கலாம் என்று எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றைக்கு அதற்கு மேல் எழுதவில்லை.

இன்னொன்று. தொடங்கும் முன் பத்து நிமிடம் ராஜாஜியைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீட்டை எங்கள் பிள்ளைகள் சுற்றுலா போய்ப் பார்த்திருக்கிறார்கள். பாகிஸ்தான் கோரிக்கையைப் பேச்சுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1942இல் சொன்னதற்காகச் சொந்தக் கட்சியிலேயே தனித்துப்போய் வெளியே வந்தவர் அவர். 1944இல் அவர் வகுத்த திட்டத்தை வைத்துத்தான் காந்தியும் ஜின்னாவும் பம்பாயில் பேசினார்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று அவர் மேற்கு வங்க ஆளுநராகக் கல்கத்தாவில் இருந்தார். செப்டம்பரில் கலவரத்தை நிறுத்தச் சொல்லி காந்தி அங்கே உண்ணாவிரதம் இருந்தபோதும் அந்த ஊரில்தான் இருந்தார். அந்த வீட்டு முற்றத்தில் குரூப் போட்டோ எடுத்த பிள்ளைகளுக்கு இது தெரியாது. அவர் சொன்னது சரியா தவறா என்று இன்றும் வாதிடலாம். பிள்ளைகள் வாதிடட்டும் என்பதுதான் என் விருப்பம். உங்கள் கருத்து என்ன?

தர்மபுரி பெரியவர் எழுதியது:

பேசுங்கள், ஆனால் படத்துக்கு முன்னால் வேண்டாம், பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் பேசினால் பிள்ளைகள் படத்தில் தலைவர்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அதில் தலைவர்கள் ஆரம்பத்துப் புகைப்படங்களில் மட்டும்தான் வருகிறார்கள், மற்றதெல்லாம் ஒரு வீட்டுக்குள் நடக்கிறது.

பென்னாகரம் அம்மா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நான் கடன் அதிகாரி, என் கண் அங்கே போனது. ஆமினாவை அவர்கள் பேசட்டும்.

முகாம் தம்பி, உங்கள் அம்மா அந்தக் காணி உறுதியை இனியும் கவரில் மடித்து வைக்க வேண்டாம். மடிப்பில்தான் முதலில் கிழியும். விரித்து, இரண்டு அட்டைக்கு நடுவில் வையுங்கள். நல்ல வெளிச்சத்தில் முன்னும் பின்னும் போட்டோ எடுத்துத் தனியாக ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். 14ஆம் தேதி வரும்போது கொண்டுவந்தால், பதிவு எண்ணும் எல்லை விவரமும் படிக்கிற மாதிரி இருக்கிறதா என்று நானே பார்த்துச் சொல்கிறேன். இலங்கைச் சட்டம் எனக்குத் தெரியாது, ஆனால் பத்திரம் படித்துத்தான் காலம் தள்ளியவன்.

டீச்சரம்மா, நானிமா மீதிப் படத்தைச் சொல்லி முடித்ததும் பிள்ளைகள் எழுதிய அந்தத் தமிழ் வசனத்தை இங்கே போடுங்கள். தர்மபுரியிலும் போட வேண்டும்.